மூடிய கை

பிரேதப் பரிசோதனை அறையின் மேசையில் சவரிநாதனின் மகன் கிடந்தான். கல்குவாரிக் குட்டையிலிருந்து காலையில்தான் எடுத்திருந்தார்கள்.

"தற்கொலைதான் டாக்டரம்மா. அப்பாவோட சண்டை" என்றார் ஏட்டு.

வாசலில் நின்ற சவரிநாதன் மறுக்கவில்லை. "எங்கேயாவது போய்ச் சாவுடான்னு நான்தாம்மா சொன்னேன். ஒரு நாளும் என் பேச்சைக் கேக்காதவன், இதை மட்டும் கேட்டுட்டானே."

டாக்டர் எஸ்தர் மேசைப் பக்கம் திரும்பினார். இறந்தவனின் வலது கை இறுக மூடியிருந்தது. தூங்கும் குழந்தையின் கையைப் பிரிப்பதுபோல ஒவ்வொரு விரலாக விலக்கினார். உள்ளே ஒரு சிவப்பு ரிப்பன் இருந்தது. முடிச்சு அவிழவில்லை. அதில் நாலைந்து மெல்லிய தலைமுடிகள் சிக்கியிருந்தன.

"பொம்பளைப் பிள்ளை ஏதாவது காணாமப் போயிருக்கா?"

"புகார் எதுவும் வரலையே..." என்ற ஏட்டு சட்டென்று நிறுத்தினார். "குவாரியில வெளியூர் ஆளுங்க குடிசை போட்டிருக்காங்கம்மா. அவங்க ஸ்டேஷனுக்கு வர பயப்படுவாங்க." அவர் குரல் இறங்கிவிட்டது.

"மறுபடியும் குட்டையில ஆளை இறக்குங்க" என்ற எஸ்தர், வாசலுக்கு வந்தார். "ஐயா, உங்க மகன் சாகப் போகலை. ஒரு பிள்ளையைத் தூக்கப் போயிருக்கான்."

சவரிநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெளியே குட்டைக்குப் போகும் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டதும் ஓடினார். மகனுக்குப் போர்த்த வாங்கி வந்திருந்த புதுத் துணியை ஏட்டின் மடியில் வைத்தார்.

"சின்ன உடம்பு, சார். போர்த்தாம தூக்கிட்டு வந்துடாதீங்க."