காவல்காரர் வீட்டுத் துப்பாக்கி

"அன்னிக்கு துப்பாக்கிய பாத்துட்டு ஓடின. இப்ப அதையே எடுத்துகினு போவ வந்துகீறியா?"

குணசுந்தரி கேட்க, கருணாகரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். எண்ணூர் உப்புக் கிடங்கின் காவல்காரர் வேலப்பன், அவளுடைய அப்பா, போன மாதம் இறந்துவிட்டார். கம்பெனித் துப்பாக்கியை வாங்கி வரும்படி, அதைப் பழுது பார்க்கும் கருணாகரனைத்தான் அனுப்பியிருந்தார்கள்.

"உன் வூட்டுக்காரரு?"

"ஹார்பர்ல வேல. உன் பொஞ்சாதி, புள்ளைங்க சௌக்கியமா?" தொட்டிலை ஆட்டியபடியே கேட்டாள்.

தலையசைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை இறக்கினான்.

"போன நூற்றாண்டுல வெள்ளக்காரன் பட்டாளத்துக்கு செஞ்சது. இன்னும் கதவு தாப்பா மாதிரி இன்னாமா வழுக்குது பாரு!"

கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து, தாழ்ப்பாளின் முனையை லேசாகத் திருப்பினான். அந்த இரும்புத் தாழ்ப்பாள் முழுசாகக் கையோடு வந்தது.

"இது இல்லாங்காட்டி வெறும் குழா. கொசுவக்கூட சுட முடியாது. ராயபுரம் கடக்கரைல உக்காந்து உனக்கு சொல்லிக் குடுத்தேனே, ஞாபகம் கீதா?"

"பேச்சுக்கு மட்டும் கொறச்சல் இல்ல. ஒலக சண்ட முடிஞ்ச வருசம், உன்னோட வர்றதுக்கு மூட்ட கட்டிகினு நின்னேன். நைனா 'சுட்டுடுவேன்'னாரு. ஒரு வார்த்த பேசாம போயிட்ட. பயந்தாங்கொள்ளி!"

"பயந்து போவல, சுந்தரி."

"பின்ன?"

"என் நெஞ்சுக்கு நேரா நீட்னாரு. பாத்தா, பின்னால தாப்பாவே இல்ல, ஓட்டதான் கீது. தொழில்காரன் கண்ணுக்குத் தெரியாதா? சுட மனசு வராம, அவரே கழட்டி வெச்சிட்டு, வெறுங்குழாய நீட்டிகினு நிக்கறாரு. கண்ணுல தண்ணி. 'எம் பொண்ண வுட்டுடு'ன்னு கெஞ்சற மாதிரி இருந்திச்சி. அந்த மனுஷன் வூட்லேந்து உன்ன இட்டுகினு போக எனக்கு கால் வரல."

தொட்டில் நின்றது.

"ஆமா," என்றாள் மெதுவாக. "நைனாக்கு எம்மேல உசுரு."

துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அவன் படியிறங்கினான். தெருமுனை திரும்பும்வரை அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

அப்பா துப்பாக்கியை நீட்டிய அந்தப் பழைய சாயங்காலம், அதன் தாழ்ப்பாள் அவளுடைய மூட்டைக்குள் புடவைகளுக்கு நடுவே இருந்தது. அவன்மேல் குண்டு பட்டுவிடக் கூடாதென்று, அவன் சொல்லிக் கொடுத்தபடியே அவள்தான் அதைக் கழற்றி வைத்திருந்தாள்.