விரல் நடுக்கம்

தமயந்தியின் விரல்களில் நடுக்கம் இருப்பதாக அலுவலகம் கொடுத்த மடிக்கணினி கண்டுபிடித்து நான்கு நாளாகிறது. அவள் தட்டும் எழுத்தெல்லாம் இரண்டிரண்டாக விழுவதை வைத்து, நரம்புக் கோளாறு என்று அதுவே முடிவுகட்டி அலுவலகத்துக்கும் சொல்லிவிட்டது. உடனே அவளைக் கட்டாய விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். காபி டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் அவள் தன் கையையே சந்தேகமாகப் பார்த்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று மடிக்கணினியைப் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போனாள்.

கடைக்காரர் அன்வர் பொத்தான்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தவர், சட்டென்று சிரித்தார்.

"ஆயுத பூஜைக்கு இதையும் சாமி முன்னாடி வெச்சீங்களாக்கா?"

"ஆமா. இது மேலயே பொரி வெச்சுப் படைச்சோம்."

"அந்தப் பொரிதான்," என்று நமத்து நசுங்கிய துணுக்குகளை இடுக்கியால் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, பொத்தான்களைத் திரும்பப் பொருத்தினார். "பொத்தான் ஒட்டிக்கிட்டு ரெண்டு தடவ அடிச்சிருக்கு. உங்க கைக்கு ஒண்ணுமில்ல. இப்ப அடிச்சுப் பாருங்க."

அவள் தன் பெயரை அடித்தாள். எழுத்துகள் ஒழுங்காக விழுந்தன. 'நடுக்கம் இல்லை' என்று மடிக்கணினியே அலுவலகத்துக்கும் செய்தி அனுப்பியது.

தமயந்திக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இப்போது கை நிஜமாகவே நடுங்கியது. இதையும் போய்ச் சொல்லிவிடப் போகிறதே என்று, அவசரமாகக் கையை எடுத்துத் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டாள்.