ஒரு மயிரிழை

ராணுவத் தேர்வுக்குப் போய் வந்த மகள், அங்கே கொண்டுபோயிருந்த தன் துப்பாக்கியை அப்பாவின் பட்டறை மேசைமேல் வைத்தாள்.

"தோட்டா உட்கார்ற அறை அகலமா இருக்குப்பா. தோட்டா உள்ள ஆடுது, குண்டு கோணலாக் கிளம்புது. முதல்ல சுட்டதெல்லாம் தாறுமாறாப் போச்சு."

துப்பாக்கி பழுதுபார்ப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர், டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். "மயிரிழைதாம்மா."

"அது போதாதா? நேத்து நீங்கதானே சரிபார்த்துக் குடுத்தீங்க?"

"கண்ணு முன்ன மாதிரி இல்ல." அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "அப்ப, தேறலையா?"

"யாரு சொன்னா? நீங்க சொல்லிக் குடுத்த வித்தைதான். மிச்சத் தோட்டாவுக்கெல்லாம் மெல்லிசா டேப் சுத்தி, ஆடாம உட்கார வச்சேன். அத்தனையும் நடு வட்டத்துல. மேஜர் அசந்துட்டார். கோளாறான துப்பாக்கியையே வழிக்குக் கொண்டு வர்றவ போர்முனைக்குத்தான் வேணும்னுட்டார். நாளைக்கே கிளம்பணும். அண்ணன் இருந்த அதே எல்லைக்கு."

அப்பா நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"எல்லாம் உங்க கைராசிப்பா."

அவர் தன் கையைப் பார்த்தார். மூத்தவனைத்தான் வாரிக் கொடுத்தாயிற்று, இவளாவது தேறாமல் வீட்டோடு இருக்கட்டும் என்று நேற்று அந்த மயிரிழையைக் கடைந்தெடுத்த கை.