அவரை மட்டும் கூப்பிடுவதில்லை

“இந்த நாட்டு ஆபீஸ்ல முதலாளியையே பேர் சொல்லித்தான் கூப்பிடணும். பத்து வருஷமா இங்க இருக்கீங்க, தெரியாதா?” என்று கேட்டார் எச்.ஆர். அதிகாரி.

“தெரியும்,” என்றாள் மேலாளர்.

“எல்லாரையும் வாய் நிறையப் பேர் சொல்றீங்க. போன வாரம் மாற்றலாகி வந்த டிசைனரை மட்டும் ‘இங்க பாருங்க’ன்னு கூப்பிடறீங்க. இங்க அது அவமரியாதை. உங்க டீமே புகார் குடுத்திருக்கு.”

“அவரும் குடுத்தாரா?”

“இல்ல. கேட்டா சிரிக்கிறார். தங்கமான மனுஷன்.”

“தெரியும்.”

“பிடிக்கலைன்னா வேற டீமுக்கு மாத்திடட்டுமா?”

“மாத்திடுங்க. நானே கேக்கணும்னு இருந்தேன்.”

அதிகாரிக்கு எரிச்சல் வந்தது. “அவ்வளவு வெறுப்பா? ஒரே ஒரு தடவை அவர் பேரைச் சொல்லுங்க, பார்ப்போம்.”

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து, தாளில் அந்தப் பெயரை எழுதி நீட்டினாள்.

அதிகாரி பெருமூச்சு விட்டு, மாற்றல் போடுவதற்காக டிசைனரின் கோப்பைத் திறந்தார். ‘அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: மனைவி’ என்ற இடத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவளின் பெயர் இருந்தது.

“கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாச்சு,” என்றாள் அவள். “இன்னும் சொல்ல வாய் வரல.”