சனிக்கிழமைக் குவளை

இங்கிலாந்தின் போல்டன் ஊர்ச் சந்தையில் என் திரைச்சீலைக் கடை இருக்கும் மூலையிடத்துக்குப் பத்து வருடமாக விலை கேட்கிறார்கள்.

சும்மாவே கொடுத்துவிடுகிறேன். வில்ஃப் என் பீரைக் குடித்துவிட்டுப் புறங்கையால் மீசையைத் துடைக்கும் அந்த நொடியை யாராவது திருப்பித் தரட்டும்.

இன்று காலை அவனைப் புதைத்தோம்.

பக்கத்துப் பொத்தான் கடைக்காரன். மொத்தமாக வாங்கினாலும் ஒரு பென்னி குறைக்கமாட்டான்.

குளிர்காலம் வந்தால் நான் வீட்டில் கறுப்பு பீர் காய்ச்சுவேன். கொதிக்கும்போது, பாலிலிருந்து எடுத்த சர்க்கரை ஒரு ராத்தல் போடுவேன். மற்றச் சர்க்கரையை எல்லாம் ஈஸ்ட் தின்று தீர்த்துவிடும், இதைத் தொடாது. இனிப்பு கடைசிவரை நிற்கும்.

இருமல் மருந்து என்று சந்தையே முகம் சுளித்தது.

வில்ஃப் மட்டும் சனிக்கிழமை கடை கட்டியதும் பொத்தான் பெட்டிமேல் உட்கார்ந்து குவளையை நீட்டுவான்.

"ஊத்துடா க்ளிஃப். உன் துணிதான் மட்டம், சரக்கு ஒசத்தி."

முகதாட்சண்யத்துக்காகப் பேசாத ஆள். அந்த வார்த்தையை நம்பித்தான் பத்தொன்பது குளிர்காலம் காய்ச்சினேன்.

கஞ்சன்தான். தேநீரில்கூடப் பால் விடமாட்டான். ஞாயிற்றுக்கிழமை கால்வாயில் மீன் பிடிக்கக் கூப்பிட்டால் குளிர்காலம் முழுக்க ஏதாவது சாக்கு. தூண்டில் புழுவுக்குச் செலவாகுமே என்று அவன் காதுபடவே கேலி செய்திருக்கிறேன். சிரிப்பான்.

அடக்கம் முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். கோட்டுப் பையில் இந்த வருடத்தின் கடைசி பாட்டில். அவன் நாற்காலிப் பக்கத்தில் ஒரு குவளை ஊற்றி வைக்காமல் திரும்புவதில்லை என்றிருந்தேன்.

அவன் மனைவி டோரீன் தேநீர் கொண்டுவந்தாள். கறுப்பாக இருந்தது. நான் பால் ஜாடியைத் தேடுவதைப் பார்த்துவிட்டாள்.

"இந்த வீட்டுல பாலு ஏதுப்பா? ஒரு சொட்டு உள்ள போனாப் போதும், மறுநாள் பூரா மனுசன் கக்கூஸுலதான் குடியிருப்பாரு. உங்கிட்டகூடச் சொல்லலையா? அப்படியிருந்தும் குளிர்காலத்துல சனிக்கிழமையானா சந்தையில எதையோ தின்னுட்டு வந்துருவாரு. என்னத்த தின்னீருன்னு கேட்டா, சிரிப்பாரு."

பாட்டிலை வெளியே எடுக்கவில்லை.

பால் இல்லாத தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

பத்தொன்பது குளிர்காலம், குளிர்காலத்துக்குப் பதின்மூன்று சனி. கணக்கில் என் பக்கத்தில் இருநூற்று நாற்பத்தேழு குவளை.

அவன் பக்கத்தில் அத்தனை ஞாயிறு.