சம்பந்தி வீட்டு வகுப்பு

"இது வகுப்பா, சம்பந்தி வீடா?"

தலைமையாசிரியர் கத்திய கத்தலில் கரும்பலகை எழுத்தெல்லாம் ஓர் அங்குலம் நகர்ந்து உட்கார்ந்தது.

"மூணாங்கிளாஸ் பொடிசுங்க, ஒண்ணை ஒண்ணு 'வாங்க, போங்க'ன்னு கூப்பிடுது! ஒரு அம்மா வந்து புலம்பறாங்க டீச்சர். வீட்டுப் பூனைகிட்ட 'பால் குடிச்சீங்களா'ன்னு கேக்குதாம் பிள்ளை!"

டீச்சர் வாய் திறப்பதற்குள் கடைசி வரிசையில் ஒரு முணுமுணுப்பு.

"கொஞ்சம் நகருங்க, ரப்பர் விழுந்துடுச்சு."

"தாராளமா எடுத்துக்கோங்க."

"பாத்தீங்களா! அடிச்சுக்கிற வயசுல என்ன மரியாதை வேண்டிக் கிடக்கு? நாளையிலேருந்து பையன்னா 'டா', பொண்ணுன்னா 'டி'. புரிஞ்சுதா?"

"முடியாதுங்க சார்."

முன்வரிசைப் பொக்கைப்பல் எழுந்து நின்றிருந்தார். மேசைக்கு மேலே தலை மட்டும்தான் தெரிந்தது.

"ஓகோ! டீச்சர் சொல்லிக் குடுத்தாங்களா?"

"டீச்சருக்கே நாங்கதான் சொல்லிக் குடுத்தோம். எங்கள்ல ஒருத்தரை எல்லாரும் பையன்னு நினைக்கிறாங்க. ஆனா அவங்க பொண்ணு சார். 'வாடா'ன்னா அழுவாங்க. இனிமே ஸ்கூலுக்கே வரமாட்டேன்னுட்டாங்க. அவங்களுக்கு மட்டும் மாத்திக் கூப்பிட்டா, யாருன்னு தெரிஞ்சு மத்த கிளாஸ்லாம் கிண்டல் பண்ணும்ல? அதான் எல்லாருக்கும் 'ங்க' போட்டுட்டோம்."

"யார் அது?"

வகுப்பே வாயை இறுக்க மூடிக்கொண்டது. மின்விசிறிகூடச் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது என்றால் நம்பமாட்டீர்கள்.

தலைமையாசிரியர் வரிசை வரிசையாகப் பார்த்தார். எல்லா முகமும் ஒரே மாதிரி நிமிர்ந்திருந்தது. டீச்சர் பக்கம் குனிந்தார்.

"உங்களுக்காவது தெரியுமா?"

"நானும் கேட்டேன் சார். 'அவங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப அவங்களே சொல்வாங்க, நீங்க பாடத்தை நடத்துங்க'ன்னுட்டாங்க."

தலைமையாசிரியர் மெல்லக் கைகளைக் கட்டிக்கொண்டார். மேலதிகாரி வந்தபோதுகூட அவர் இப்படிக் கைகட்டி நின்று யாரும் பார்த்ததில்லை.

பொக்கைப்பல் இன்னும் உட்காரவில்லை.

"நாளைக்கு 'டா' போடணுமா சார்?"

"எவனாவது போட்டான்னா..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"யாராவது போட்டாங்கன்னா, நேரா எங்கிட்ட வந்து சொல்லுங்க."