இலவச வாரம்

"இந்த ஒரு வாரம் மட்டும் ரயில்லயே போங்கம்மா."

டிக்கெட் கவுண்டர்காரர் வெளியே ஓடி வந்து வழிமறித்ததும் அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கைத்தாங்கலாகப் பிடித்திருந்த கணவருக்கு நிற்கவே தெம்பில்லை. வாரம் மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு தடவை தவறினாலும் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஸ்டேஷன் வாசலிலேயே தனியார் பஸ் ஒன்று நின்றது. 'ஒரு வாரம் எல்லாருக்கும் இலவசம்' என்று முன்னால் துணி கட்டியிருந்தது.

"ஏன் சார், அவங்க சும்மாவே கூட்டிட்டுப் போறேங்கிறாங்க. ஆடி அசைஞ்சு போற உங்க வண்டிக்கு எதுக்குக் காசு குடுக்கணும்?"

"காரணம் கேக்காதீங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எங்க நல்லதுக்கா? ஆள் வரலைன்னா உங்களுக்குப் பொழுது போகலையாக்கும்!"

பஸ்ஸில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"அரசாங்கம் முட்டுக்குடுத்து ஓட்டுற ஓட்டை வண்டி. அதை விடுங்கக்கா, ஏறுங்க!" என்றான் கண்டக்டர். கணவர் படுத்துக்கொள்ளக் கடைசி சீட்டையே ஒழித்துக் கொடுத்தான்.

அந்த வாரம் முழுக்க, சாமி கும்பிடும்போதெல்லாம் முகம் தெரியாத பஸ் முதலாளிக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டாள்.

ஒரு மாதம் போயிற்று.

அன்று காலை ஸ்டேஷன் கதவில் நோட்டீஸ் தொங்கியது. 'இந்த ரயில் இன்று முதல் ஓடாது.'

பதறிப்போய் பஸ்ஸுக்கு ஓடினாள்.

"படுத்துட்டு வர்றதுன்னா மூணு சீட்டுக் காசு குடுக்கணும்க்கா. வாந்தி கீந்தி எடுத்தா வழியிலேயே இறக்கி விட்டுருவோம்."

அவள் கையில் இருந்தது ரயிலுக்கு மட்டும்தான் போதும். பஸ் கிளம்பிவிட்டது.

கணவர் வீங்கிய காலோடு ஸ்டேஷன் படியில் உட்கார்ந்தார். "இன்னிக்கு விட்டுடும்மா. பாத்துக்கலாம்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

கவுண்டர்காரர் உள்ளேயிருந்து நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார் நிறுத்திட்டாங்க?"

"அந்த ஒரு வாரமும் மேலிடத்து ஆளுங்க ரயில்ல எத்தனை பேர் போறாங்கன்னு எண்ணினாங்கம்மா. நம்ம ஊர்ல ஒருத்தர்கூட ஏறலை."

"ஐயோ, அன்னிக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"வெளியில மூச்சு விடக்கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. சொன்னா என் வேலை போயிருக்கும்."

தூசியைக் கிளப்பிக்கொண்டு போகும் பஸ்ஸையே பார்த்தபடி அவர் சொன்னார்:

"அந்த முதலாளிக்கு மட்டும் யாரோ முன்னாலேயே சொல்லியிருக்காங்கம்மா."